காணாக்கடியின் காரணம்

கடித்தது எதுவெனக் காணாமல், தடித்த தோலை மட்டும் கண்டவர்கள் இந்நோய்க்குத் தமிழில் காணாக்கடி என்று பெயரிட்டனர். ஐரோப்பியரோ விளைவைக் கொண்டு பெயரிட்டனர். நம்மூர்ச் செந்தட்டியைப் போல், பட்டவுடன் அரிக்கும் செடியொன்றுக்கு லத்தீனில் அர்டிகா என்று பெயர். அதனடியாகப் பிறந்த 'அர்டிகேரியா' என்னும் சொல்லைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் நோய்ப்பெயராக வழங்கினார். இரண்டு பெயர்களும் காரணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காரணம் சொல்லத் துணிந்த பெயர் பின்னர் வந்தது. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் குயின்கே, இந்நோயோடு சேர்ந்தும் தனித்தும் வரும் ஆழ்ந்த வீக்கத்தை விவரித்தார். சில ஆண்டுகளில் அவ்வீக்கத்தோடு 'ஆஞ்சியோநியூரோடிக்' என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. பழி நரம்பின்மேல் விழுந்தது. நோயாளியின் மனப்பதற்றமே நோயின் வேர் என்று எண்ணவும் அப்பெயர் இடங்கொடுத்தது.

1910 முதல் ஹென்றி டேலும் அவருடன் பணியாற்றியோரும் ஹிஸ்டமினின் செயலை ஆராய்ந்து வெளியிட்டனர். 1920களில் தாமஸ் லூயிஸ், தோலைக் கீறினால் எழும் சிவப்பும் தடிப்பும் ஹிஸ்டமினை ஒத்த ஒரு பொருளால் நேர்வதை விளக்கினார். 1937இல் டேனியல் போவேயின் ஆய்வுக்கூடத்தில் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருள் பிறந்தது. இது உள்ளிட்ட பணிகளுக்காக 1957இல் அவர் நோபல் பரிசு பெற்றார். தொடர்ந்து வந்த மருந்துகள் அரிப்பைத் தணித்தன. கூடவே நோயாளியை உறக்கத்திலும் ஆழ்த்தின.

ஹிஸ்டமினைத் தூண்டிவிடுவது எது என்னும் வினா எஞ்சியது. ஆறு வாரங்களைக் கடந்து நீடிக்கும் நாட்பட்ட வகையில் உணவு ஒவ்வாமை காரணமாவது அரிது. ஆயினும் நோயாளியின் இலையிலிருந்து பண்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பரிசோதனைப் பட்டியல் நீண்டது. 1993இல் லண்டன் ஆய்வாளர்கள், நோயாளிகள் சிலரின் குருதியில் மாஸ்ட் செல்களைத் தூண்டும் எதிர்ப்பொருள்களைக் கண்டறிந்து அறிவித்தனர். அச்சிலரைப் பொறுத்தவரை, கடித்தது அவர்தம் உடலேயாகும்.

2000இல் பெர்லினில் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி, நோயின் வரையறையையும் வகைப்பாட்டையும் பரிசோதனைகளையும் ஒழுங்குபடுத்த முனைந்தனர். அன்று தொடங்கிய வழிகாட்டு நெறிகள் 2020 வரை நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தம் கண்டன. இன்னதைச் செய்க என்பதைப் போலவே, இன்னதைத் தவிர்க்க என்பதும் அவற்றின் பெரும்பேறு. நோய் வரலாற்றை விரிவாகக் கேட்டறிக. தொடக்கத்தில் சில எளிய குருதிச் சோதனைகள் போதும். தூக்கம் வருவிக்கும் பழைய மருந்துகளை விலக்குக. புதியவை உரிய அளவில் பயனளியாவிடில் நான்கு மடங்கு வரை உயர்த்துக என்றன. இதில் எல்லோரும் உடன்பட்டனர் என்பதற்கில்லை. 2014இல் வெளியான அமெரிக்க நெறிகள் பழைய மருந்துகளுக்கும் ஒரு படியில் இடம் வைத்திருந்தன. அதே ஆண்டு ஒமாலிசுமாப் என்னும் ஊசிமருந்து இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

பெயரும் மாறியது. 'காரணம் அறியப்படாதது' என்னும் பொருள்படும் பழைய அடைமொழியை நெறிகள் கைவிட்டு, 'தன்னியல்பாக எழுவது' என்று வழங்கலாயின. வெளித்தூண்டல் இன்றித் தோன்றுவது என்பதே அதன் பொருள். உண்ட சோற்றையும் உற்ற கவலையையும் குற்றக் கூண்டில் நிறுத்தாமலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்னும் தெளிவு அச்சொல்லில் இருக்கிறது. இரவெல்லாம் சொறிந்து விழித்திருப்பவர்க்கு அது சிறிய ஆறுதல் அன்று.