வைத்தலும் விடுதலும்

ஒருவர் மறைந்தபின் அவர் பொருள் பிள்ளைகளைச் சேர்வதைச் "சொத்தை விட்டுச் சென்றார்" என்றே நம் மாணவர் எழுதுகின்றனர். மனையாளைக் கைவிட்டவனுக்கும் இதே வினைதான். இறந்தவர் தம் விருப்பத்தை எழுதினாரா, எழுதாமலே மறைந்தாரா என்பது இத்தொடரால் விளங்காது. சட்டத்திலோ இவ்விரண்டும் வெவ்வேறாம்.

பழஞ் சாசனங்கள் இவ்வளவு நெகிழ்ந்து பேசுவதில்லை. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தையடுத்த வெல்கம் விகாரையிலே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள. இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்ட அப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் கால்நடையும் அளித்தோரை அவை கூறும். இத்தகைய அறத்தைக் குறிக்கச் சோழர் சாசனங்கள் பெரிதும் வழங்கும் வினை 'வைத்தல்' என்பதாகும். விளக்கைக் கொண்டுபோய் இறக்கினான் என்பதன்று பொருள். அது அவியாதெரிய முதல் வைத்தான் என்பதே. தஞ்சைப் பெருங்கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை முதலாயிற்று. ஆடு மூக்கும், சாகும். எனினும் பெற்றுக்கொண்ட இடையன் குட்டிகளால் தொகையை நிரப்பி நாடோறும் நெய்யளக்கக் கடவனாதலின், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். வங்கி வட்டி பெறும் நாம் இச்சொல்லை எண்ணி வியக்கலாம். 'விடுதல்' என்பதோ உரிமையைக் கைநெகிழ்த்தல். நிலத்தை இறையிலியாக விட்ட அரசன், இறை கொள்ளும் தன் உரிமையையே விட்டான்.

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத் தேசவழமையில் இவ்விரு வினைக்கும் வேலை குறைவு. சீதனம் கொடுக்கப்படும், முதுசொமோ வழிவழி வரும். "முதுசமாய் வந்த காணி" என்னும் வழக்கில் எழுவாய் காணியே, கொடுத்தவன் அங்கில்லை.

ஆங்கிலேயராட்சியில் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தம் பொருளை விரும்பியவர்க்கு மரணசாதனத்தால் அளிக்கும் உரிமையை வழங்கிற்று. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் வேண்டுமென 1840ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. இவ்வாறு கொடுப்பதைக் குறிக்கும் 'பிக்வீத்' என்ற ஆங்கில வினை, 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய பழைய வேரினின்று பிறந்தது. அவர்க்கு அது வாய்ச்சொல். தமிழர்க்கு அது கையாற் செய்வது. நந்தாவிளக்கை வைத்த அதே வினையை எழுத்தோடு கூட்டி, 'எழுதிவைத்தார்' என்றனர்.

ஆதலின் மரணசாதனம் முடித்தவரை 'எழுதிவைத்தார்' என்றும், முடியாதவரை 'விட்டிறந்தார்' என்றும் வரைதல் தகும். ஏட்டுக்கல்வியில்லாத நம் கிழவியர் இதிற் பிழைப்பதில்லை: "அப்பு எழுதிவைச்சவரோ, சும்மா விட்டிட்டுப் போனவரோ?" என்றே அவர்கள் கேட்பர்.