வீடியோ விளையாட்டு: விற்பனை வேறு, வரவு வேறு

பிள்ளைகள் கேட்கும் வீடியோ விளையாட்டுகளை நாம் கணக்காளர் கண்ணால் பார்த்தால் இரு வகை. கொன்சோல் தயாரிக்கும் கம்பனியே வெளியிடுவது ஒன்று: நிண்டெண்டோவின் ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது, வேறு கொன்சோலில் வராது. வெளியார் தயாரிப்பு மற்றது: ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5’ பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ், கணினி எல்லாம் சேர்த்து 20 கோடியைத் தாண்டியது.

ஆனால் வெளியார், கொன்சோல் கம்பனியின் இணையக் கடையில் விற்றால் வழக்கமாக ஏறத்தாழ 30 வீதத்தை அதற்கே விடவேண்டும். ஊர்ச் சந்தையில் குத்தகைக்காரருக்குக் கட்டியது போல.

நம் ஒக்லாந்தின் ஹென்டர்சனில் வளர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸும் வெளியார்தான். அதன் ‘பாத் ஒஃப் எக்சைல்’ 2013இல் கணினிக்கும், 2017இல் எக்ஸ்பொக்ஸுக்கும், 2019இல் பிளேஸ்டேசனுக்கும் வந்தது. பெயரின் பொருள் ‘நாடுகடத்தலின் பாதை’. சொந்தக் கடை இல்லாதவர் சந்தை சந்தையாகப் போய்த்தான் பிழைக்கவேண்டும். அது நமக்குப் புதிதல்ல.