அடக்கிப் பழகிய தசைகள்

பெண்ணுக்கு 'அடக்கம்' அழகு என்கிறோம். மூத்திரம் வந்தால் 'அடக்கிக்கொள்' என்கிறோம். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. அந்தச் சொல்லுக்கு உடலில் ஓர் இடமும் உண்டு. இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து வால் எலும்புவரை தொட்டில்போலக் கட்டியிருந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள்தான் அது. இவை தளர மறந்தால் சிறுநீர் தடையின்றி இறங்காது, மலம் சிக்கும், கலவி வலிக்கும்.

நெடுங்காலம் அடக்கிப் பழகுவதும் இந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம். அச்சம், பிரசவக் காயம், வன்முறை ஆகியவையும் காரணங்களாகலாம். வெள்ளக்கடை இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில். தோட்டங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது 1951இல். இடைப்பட்ட நூற்றாண்டுக்கு மேலான காலத்தில், செடி மறைவும் இருட்டும் கிடைக்கும்வரை எத்தனை பெண்கள் அடக்கியிருப்பார்கள் என்பதை எந்தத் தோட்டக் கணக்கும் எழுதவில்லை.

மருத்துவம் எழுதியது வேறொன்றை. அமெரிக்கரான மேரியன் சிம்ஸ், 1840களில் அலபாமாவில் அனார்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களை மயக்கமருந்தின்றி அறுத்துச் சோதித்தவர். 1861இல் யோனித்தசை இறுக்கத்துக்கு 'வெஜைனிஸ்மஸ்' என்று பெயரிட்டவரும் அவரே. அதற்கு அவர் கண்ட மருந்து கத்தி. பிறகு யோனிக்குள் வைக்கக் கண்ணாடிக் குழல். மனைவிக்கு ஈதர் கொடுத்து மயக்கிக் கலவி நடத்த உதவிய மருத்துவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கணவனுக்கு வழி கிடைத்ததா, கரு தங்கியதா என்பதே குணத்தின் அளவுகோல். அவளுக்கு வலி தீர்ந்ததா என்பது பின்னால்தான் வந்தது.

1948இல் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப்பின் தளர்ந்த தசைகளுக்குச் சுருக்கும் பயிற்சியை வகுத்தார். நல்ல பயிற்சிதான். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அதுவே அறிவுரையாகிவிட்டது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும்.

அவளுக்கு வேண்டியது விடுவிக்கும் பயிற்சி. முழங்காலை மடக்கிப் படுத்து, வயிறு உயர மெல்ல மூச்சை இழுக்கும்போது உதரவிதானத்தோடு இடுப்புத்தளமும் கீழிறங்கும். அந்த இறக்கத்தை உணர்ந்து, மூச்சை வெளிவிடும்போது எதையும் சுருக்காமல் இருக்க வேண்டும். முக்காமல் சிறுநீர் கழிக்க வேண்டும். வலி தொடர்ந்தால், இதில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் உதவுவார். தொடுவதற்கு முன் அவர் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்.

தளர்வதும் தசையின் வேலைதான். அதற்குப் பூட்டுள்ள கழிப்பறையும், 'வேண்டாம்' என்றால் மதிக்கும் வீடும் வேண்டும்.