மறுப்பும் மௌனமும்: சொந்தக் கணினிச் சர்வரின் இணைப்புப் பிழைகள், 1981 முதல் 2021 வரை

சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி ஏற்காடு சாலையில் போனால் அடிவாரம் வரும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற செல்பேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ‘நெட் இல்லை’ என்பது பழகிப்போன காரணம். அதனால், கணினிக்குள்ளேயே ஓடவேண்டிய சர்வர் பதில் தராதபோதும் பழி சிக்னல் மீதே விழுகிறது. இது பிள்ளைகளின் அறியாமையால் நேர்வதல்ல என்பதும், நாற்பதாண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்த தொழில்நுட்ப முடிவுகளே பிழையின் மூலத்தை மறைத்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழகப் பள்ளிகளில் இந்தப் பிரச்சினை பரவலானதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. 2019இல் வெளியான பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பிஎச்பியும் மைசீக்குவலும் இடம்பெற்றன. பிஎச்பி நிரலை எழுதிப் பார்க்க வெளிச் சர்வர் தேவையில்லை. கணினியிலேயே ஒன்றை ஓடவிட்டு, பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்தால் போதும். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இணையம் அறவே இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இணைப்புப் பிழைகளின் வேர் 1981 செப்டம்பரில் இருக்கிறது. அந்த மாதம் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்எஃப்சி 793 என்ற இணையத் தர ஆவணம், டிசிபி நெறிமுறையை வரையறுத்தது. கணினியின் குறிப்பிட்ட போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், எந்தப் புரோகிராமும் காத்திருக்கவில்லை என்றால், இணைப்புக் கேட்டு வந்தவருக்கு ‘ரீசெட்’ என்ற பொட்டலத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. இந்த விதியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ‘விலாசதாரர் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பும் தபாலுக்கும், போட்டபின் என்ன ஆனதென்றே தெரியாத தபாலுக்கும் உள்ள வேறுபாட்டை அது கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. மறுப்பு வந்தால் பாதை சரியாக இருக்கிறது, கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில்தான் ஆளில்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். மௌனம் என்றால் பெரும்பாலும் வழியில் எங்கோ தடை. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயங்குதளம் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பிழைக்குறிகள் வைத்தது. இன்றைய விண்டோஸிலும் மறுப்புக்கு 10061, காலக்கெடு கடந்த மௌனத்துக்கு 10060 என்ற எண்கள் வருவது அந்த மரபின் தொடர்ச்சியே.

கணினி தன்னோடு தானே பேசுவதற்கான முகவரியும் அதே காலத்தது. 1981இல் வெறுமனே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 127 என்ற வலை எண், 1986 நவம்பரில் ஆர்எஃப்சி 990 வழியாக இந்தச் சுயசுற்றுக்கென்றே தரப்பட்டது. 127.0.0.1க்கு அனுப்பும் எதுவும் கணினியைவிட்டு வெளியேறாது. மைக் மியூஸ் 1983 டிசம்பரில் எழுதிய ‘பிங்’ நிரலால் இந்த முகவரியைச் சோதித்துவிட்டு, ‘பதில் வருகிறதே, சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளம். அப்பாச்சி போன்ற சர்வர் மென்பொருள் அணைந்து கிடந்தாலும் பிங் பதில் வரும்.

1995 இந்தக் கதையின் திருப்புமுனை. அப்பாச்சி, மைசீக்குவல், ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பிஎச்பி மூன்றும் அந்த ஆண்டில் வெளிவந்தன. மூன்று மென்பொருள்களையும் தனித்தனியே நிறுவுவது அப்போது நிபுணர் வேலை. 2002இல் அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் குழு எக்ஸாம்ப் என்ற ஒரே தொகுப்பாகக் கொடுத்ததும் பள்ளி மாணவருக்கும் அது எட்டியது. ஆனால், உள்ளே எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பது ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்னால் போய்விட்டது.

அந்தப் பலகையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அப்பாச்சிக்கு எதிரே ‘ஸ்டார்ட்’ பட்டனை அழுத்துகிறோம். கீழே சிவப்பு எழுத்தில் சில வரிகள் ஓடுகின்றன: 80ஆம் போர்ட்டை வேறொரு செயல்பாடு பிடித்து வைத்திருக்கிறது, அதன் எண் 4. இந்த 4 விண்டோஸின் ‘சிஸ்டம்’ செயல்பாடு. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர்தான் அதன் வழியே 80ஐ எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் ஸ்கைப்பும் இதே வேலையைச் செய்தது. விசித்திரம் என்னவென்றால், இந்த நிலையில் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்டைத் திறந்தால் பிழையே வராது. ஐஐஎஸ்ஸின் வரவேற்புப் பக்கம் வரும். இணைப்பு கிடைத்தது, ஆனால் வேறொரு சர்வரோடு. அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் ‘லிசன் 80’ என்ற வரியை 8080 ஆக்கிவிட்டு, முகவரியிலும் அந்த எண்ணைச் சேர்த்தால் தீரும். எண்ணைச் சேர்க்க மறப்பவர்கள்தான் மறுபடி சிக்குகிறார்கள்.

2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக், ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது. பக்கத்து மேசைக் கணினியிலிருந்து 192.168 என்று தொடங்கும் முகவரி வழியே நம் சர்வரை அழைத்தால், அனுமதி தராதவரை அது மறுப்புக்கூட அனுப்பாது. 1981இன் நல்ல விதி இங்கே பாதுகாப்புக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது. தன் கணினியில் திறக்கும் பக்கம் ஆய்வகத்தின் அடுத்த கணினியில் திறக்காவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபயர்வாலை.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரும் குழப்பம் தருகிறது. லினக்ஸில் பிஎச்பியிலிருந்து மைசீக்குவலை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அழைத்தால் அது வலை வழியே போவதில்லை. சாக்கெட் கோப்பு ஒன்றைத் தேடுகிறது. கோப்பு இருக்குமிடம் பொருந்தாவிட்டால் 2002 என்ற பிழை வரும். 127.0.0.1 என்று எழுதினால் 3306ஆம் போர்ட் வழியாகப் போகும். விண்டோஸில் ஓடிய அதே நிரல் பாஸ் லினக்ஸில் படுத்துவிட இதுவும் காரணமாகலாம். 1995 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட ஐபிவி6, கணினிக்கு ::1 என்ற இரண்டாவது சுயமுகவரியைத் தந்தது. 2021 அக்டோபரில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 17ஆம் பதிப்பு ஐபிவி4க்குத் தந்துவந்த முன்னுரிமையை நீக்கியதும், 127.0.0.1இல் மட்டும் காத்திருந்த சர்வர்களை லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரால் தேடிய நிரல்கள் ::1ஐத் தட்டி மறுப்பு வாங்கின.

இத்தனைக்கும் மேலே பிரவுசர் இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் இணைப்பை மறுத்துவிட்டது என்று சரியாகச் சொல்லும் குரோம், அடுத்த வரியிலேயே இணைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது. வெளியூர்த் தளத்துக்கு நல்ல ஆலோசனை. சொந்தக் கணினிச் சர்வருக்கு அதனால் பயனில்லை. அடிவாரத்துப் பிள்ளை சிக்னல் தேடி வெளியே வருவதற்கு அந்த வரியே போதும்.

ஆகவே செய்முறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரலும் வெளியீடும் மட்டுமே எழுதப்படும் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கத்தைப் பிழை அறிதலுக்கு ஒதுக்குங்கள். அப்பாச்சியை நீங்களே நிறுத்திவையுங்கள், போர்ட்டை மாற்றிவையுங்கள். நெட்ஸ்டாட் கட்டளையைக் கொண்டு எந்தப் போர்ட்டில் எந்தப் புரோகிராம் காத்திருக்கிறது என்று மாணவரே கண்டுபிடித்து எழுதட்டும். இந்தப் பயிற்சிக்கு இணைய இணைப்பு தேவையே இல்லை.