சாண்ட்விச் பலகைகளின் இணைப்பு: பசையும் வடிவமும்

மெல்லிய, விறைப்பான இரண்டு முகத்தகடுகளுக்கு நடுவே தடித்த, எடை குறைந்த உள்ளகம் ஒன்றை வைத்து ஒட்டினால் கிடைப்பது சாண்ட்விச் பலகை. முகத்தகடு அலுமினியமாகவோ கண்ணாடி இழை, கார்பன் இழைக் கூட்டுப்பொருளாகவோ இருக்கும். உள்ளகம் பால்சா மரம், பி.வி.சி. நுரை, அலுமினியத் தேனடை, நோமெக்ஸ் தேனடை எனப் பலவகைப்படும். ஒரு தகட்டைப் பாதித் தடிமனுள்ள இரண்டு தகடுகளாக்கி, இடையில் உள்ளகம் வைத்து மொத்தத் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 7 மடங்காகிறது. நான்கு மடங்காக்கினால் 37 மடங்கு. எடையோ சில விழுக்காடுதான் கூடும். பாடநூல்கள் விரும்பிச் சொல்லும் இந்தக் கணக்கு, விளிம்பே இல்லாத பலகைக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். கப்பலிலோ விமானத்திலோ பலகை ஓரிடத்தில் முடிந்து இன்னொன்றோடு சேர்ந்தாக வேண்டும். முறிவு பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். அதற்கு மருந்தாக இன்னும் வலிய பசையைத் தேடுவது வழக்கம். ஆனால் இணைப்பின் வலிமையை முதலில் நிர்ணயிப்பது விசை பாயும் பாதையின் வடிவம். பசையின் தரத்துக்கு அடுத்த இடமே உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

பலகை வளையும்போது ஒரு முகத்தகடு இழுவிசையையும் மற்றது அமுக்கவிசையையும் ஏற்கும். இரண்டுக்கும் இடையிலான சறுக்குப் பெயர்ச்சியைத் தாங்குவது உள்ளகம். இணைப்பில் ஒரு முகத்தகட்டை மட்டும் பற்றினால், மற்றதற்குச் சேர வேண்டிய விசை உள்ளகத்தின் வழியாகத்தான் போக முடியும். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பி.வி.சி. நுரை சறுக்குத் தகைவில் ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும். கட்டமைப்புக்கென உள்ள எப்பாக்சி பசைகள் 20 மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அப்படியிருக்க, பசையை 30 மெகாபாஸ்கலுக்கு உயர்த்துவதால் என்ன பயன்? கிழிவது பசைக்கு அருகிலுள்ள நுரை. உடைந்த மாதிரியின் இரண்டு பக்கங்களிலும் நுரைத் துகள் ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது என்று ஆய்வகத்தில் கொள்வதும் இதனால்தான்.

போல்ட் இணைப்பில் இச்சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். பலகையில் துளையிட்டு நட்டை முறுக்கினால் உள்ளகம் நசுங்கி, முகத்தகடு குழிந்துவிடும். எனவே துளையைச் சுற்றியுள்ள உள்ளகத்தைச் சுரண்டி எடுத்து, நுண்ணிய கண்ணாடிக் குமிழ்கள் கலந்த எப்பாக்சியை நிரப்பி, நடுவில் மரையுள்ள உலோகச் செருகியைப் பதிக்கிறார்கள். செயற்கைக்கோளின் தேனடைப் பலகைகளில் கருவிப் பெட்டிகள் பொருத்தப்படுவது இம்முறையில்தான். செருகியை வெளியே இழுக்கும் விசை, நிரப்பிய எப்பாக்சியின் சுற்றளவு வழியாக உள்ளகத்துக்குள் இறங்குகிறது. ஆகவே நிரப்பின் விட்டத்தைக் கூட்டினால் வலிமை கூடும். அடிமுகத்தகடு வரை நிரப்பினால் இரண்டு தகடுகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கூடுதல் எடையைக் கண்டு தயங்குவது தவறான சிக்கனம். கார்பன் இழைப் பலகையில் அலுமினியச் செருகி நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பதோ டைட்டானியத்தைப் பயன்படுத்துவதோ இதற்குத் தீர்வு.

விளிம்பில் போல்ட் வர வேண்டுமானால் உள்ளகத்தைச் சரிவாகச் சீவி, இரண்டு முகத்தகடுகளையும் ஒன்றுசேர்த்து, கெட்டியான ஒரே தகடாக்கி முடிப்பது நல்லது. சரிவு செங்குத்தாக இருந்தால் திருப்பத்தில் தகடு உரியும்.

பலகையொன்று மற்றொன்றின் மேல் செங்குத்தாக நிற்கும் டி வடிவ இணைப்பில்தான் வாதம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. ஸ்வீடன் கடற்படையின் விஸ்பி வகைப் போர்க்கப்பல்கள் சுமார் 73 மீட்டர் நீளமுள்ளவை. உடல் முழுவதும் கார்பன் இழையும் பி.வி.சி. நுரையும் சேர்ந்த சாண்ட்விச். இத்தகைய கப்பல்களில் தடுப்புச் சுவர் அடித்தட்டைச் சந்திக்கும் மூலையில் பிசினால் வளைவான நிரப்பு இட்டு, அதன்மேல் இழைத்துணி அடுக்குகளைப் படியவைப்பது வழக்கம். அடுக்குகளை அதிகமாக்கினால் வலிமை பெருகும் என்றே யாருக்கும் தோன்றும். ஷெனாயும் ஹாக்கின்ஸும் 1990களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின: மெல்லிய அடுக்கும் பெரிய வளைவு ஆரமும் சேர்ந்த இணைப்பு மேலானது. தடித்த அடுக்கு விறைப்பாக இருப்பதால் வளைவில் அதன் உட்படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிகின்றன. பொருளைக் கூட்டியதே பலவீனமாக முடிகிறது.

1940இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ விமானம், வடிவமே முதலில் என்ற வாதத்துக்கு இன்னும் முந்திய சாட்சி. அதன் உடல், பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா வைத்து, நெடுக்காக இரண்டு பாதிகளாக அச்சில் செய்யப்பட்டு, பின்பு நடுக்கோட்டில் ஒட்டப்பட்டது. சுமை குவியும் இடங்களில் பால்சாவுக்குப் பதிலாக ஸ்ப்ரூஸ் கட்டைகள் இருந்தன. இணைப்பில் சாண்ட்விச்சைக் கைவிட்டுக் கெட்டி மரத்துக்கு மாறியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். ஆயினும் 1944இல் இந்தியாவில் சில மாஸ்கிட்டோக்கள் வானிலேயே உடைந்தன. வெப்பமும் ஈரமும் காரணம் என்றனர் ஒரு சாரார். தொழிற்சாலையில் பாகங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்றனர் மறு சாரார். கேசின் பசைக்குப் பதிலாக யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை வந்ததும் இவ்விமான வரலாற்றின் ஒரு பகுதிதான். பசைக்கு இந்த அளவு உரிமையைக் கொடுத்தாக வேண்டும்: முதல் நாள் வலிமையில் அதன் பங்கு சிறிது, பத்தாவது மழைக்காலத்தில் பெரிது.

முகத்தகடும் உள்ளகமும் சேரும் பரப்பும் ஓர் இணைப்பே. நாசாவின் எக்ஸ்-33 விண்கலத் திட்டத்துக்கான, சாண்ட்விச் சுவருள்ள திரவ ஹைட்ரஜன் தொட்டி 1999 நவம்பரில் அலபாமாவில் சோதிக்கப்பட்டது. உள்முகத்தகட்டில் நுண்விரிசல்கள் விழுந்து வாயு தேனடைக்குள் புகுந்தது. தொட்டியை வடித்த பிறகு உள்ளே சிக்கிய வாயு வெப்பமேறி விரிந்து, வெளித்தகட்டை உரித்தெறிந்தது. 2001இல் திட்டமே கைவிடப்பட்டது.

மெல்லிய தேனடைப் பலகைகளில் பசையின் சுமையைக் குறைக்கும் இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, தச்சர் முறையில் கழுந்தும் துளையும் வெட்டிப் பொருத்துவது. விசையின் பெரும்பகுதியைக் கழுந்து தாங்க, பசை அதை இடத்தில் பிடித்து வைக்கும். மற்றொன்று, உள்முகத்தகட்டில் கீறல் வெட்டிப் பலகையை மடித்து, மடிப்பில் பசை இடுவது. வெளித்தகடு மூலையிலும் அறுபடாமல் தொடர்கிறது.

ஒட்டிய பிறகு சரிபார்ப்பதில்தான் பசை கைவிடுகிறது. தட்டிக் கேட்டும் மீயொலி கொண்டும் பிரிந்த இடத்தைக் கண்டறியலாம்; ஒட்டியிருந்தும் வலுவின்றி நிற்கும் இடத்தை உடைக்காமல் அறிய நம்பகமான வழி இல்லை. சிறு விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகுத்த 23.573 விதி, முறிந்தால் விமானமே போய்விடக்கூடிய பசை இணைப்புகளுக்கு மூன்று வழிகளைத் தந்தது: பிரிவு ஓர் அளவைத் தாண்டாதபடி வடிவமைப்பிலேயே தடுப்பது, ஒவ்வொரு பாகத்தையும் சுமையேற்றிச் சோதிப்பது, வலிமையை உறுதிசெய்யும் சேதமற்ற ஆய்வு. மூன்றாவது இன்னும் ஏட்டளவில்தான். இரண்டாவது செலவு மிகுந்தது. எனவே பலர் முதலாவதை நாடி, பசைக்கோட்டின் மேல் ரிவெட்டுகளையும் அடித்துவிடுகிறார்கள். பொறியாளர்கள் கேலியாக இவற்றைக் ‘கோழை ஆணிகள்’ என்பார்கள். கெட்டித் தகடாக முடித்த விளிம்பில் அவை பிரிவு பரவுவதை நிறுத்தும். உள்ளகம் இருக்கும் இடத்தில் நேராக அடித்தாலோ உள்ளகத்தை நசுக்கி, புதிய பிரிவுக்கு வழி திறந்துவிடும்.