இரும்பு காட்டும் உருவம்

எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தில் உறுப்புகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட ஊசிவழி ஏற்றுவதை வேற்றுமை மருந்து எனலாம். அதன் வரலாற்றைப் பலர் 1988இல் இசைவு பெற்ற கடோலினிய மருந்திலிருந்தே தொடங்குவர். அது முறையன்று, இரும்பே மூத்தது.

மைக்கேல் பாரடே 1819இல் 'ஊட்ஸ்' என்னும் இந்திய உருக்கைப் பகுத்தாராய்ந்தவர். கொடுமணல் உலைகளைப் பற்றி அறிந்த தமிழாசிரியர்க்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் நமக்கு இங்கு வேண்டுவது அவருடைய பிற்காலக் குறிப்பே. 1845 நவம்பர் 8ஆம் நாள் காய்ந்த குருதியின் காந்தத் தன்மையைச் சோதித்தவர், புதுக்குருதியையும் சோதிக்க வேண்டுமென்று எழுதி வைத்தார். அவ்வினா 91 ஆண்டுகள் காத்திருந்தது. உயிர்வளி ஏற்ற ஈமோகுளோபினைக் காந்தம் தள்ளுகிறது, உயிர்வளி நீங்கியதை இழுக்கிறது என்று 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் காட்டினர். இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை இயங்குமிடத்தைப் படமாக்கலாம் என 1990இல் செய்ஜி ஒகாவா கண்டார். நம் குருதியே ஒரு வேற்றுமை மருந்து!

1946இல் பீலிக்ஸ் புளோக் குழுவினர் நீரில் அணுக்கருக் காந்த ஒத்திசைவை ஆய்ந்தபோது அதில் இரும்பு நைட்ரேட்டைக் கரைத்தனர். இரும்பு அருகிலிருந்தால், கலைந்த புரோட்டான்கள் விரைந்து தம் பழைய நிலைக்கு மீள்கின்றன. படத்தின் வெண்மையும் கருமையும் பெரிதும் அம்மீட்சியின் விரைவைப் பொறுத்தவை.

1996இல் அமெரிக்கா இசைவளித்த பெரிடெக்ஸ், இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களால் ஆனது. கல்லீரலின் குப்பர் உயிரணுக்கள் அத்துகள்களை விழுங்க, நலமான பகுதி கறுக்கும். அவ்வணுக்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளுத்து நிற்கும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிப் பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. எனினும் அதை அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும். சிலர்க்கு முதுகுவலியும் வந்தது. கடோலினியமோ நொடிகளில் ஏறும். 2008இல் பெரிடெக்ஸ் உற்பத்தி நின்றது.

அதற்கு இரண்டாண்டு முன்னரே, 2006இல், சிறுநீரகம் செயலிழந்தோர் சிலர்க்குத் தோல் இறுகும் கொடுநோயுடன் கடோலினியத்துக்குத் தொடர்புண்டு என மருத்துவர் கண்டிருந்தனர். நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தோர் பலர் வாழும் சிங்கப்பூரில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. உறுதியாகப் பிணைந்த புதிய கடோலினிய மருந்துகளால் அவ்விடர் பெரிதும் குறைந்துள்ளது, உண்மைதான். ஆயினும் இரும்பு மீண்டும் வந்தது. சிறுநீரக நோயாளரின் சோகையைத் தீர்க்க 2009இல் இசைவு பெற்ற பெருமாக்சிடாலைக் குருதிக்குழாய்ப் படத்துக்கும் மருத்துவர் பயன்படுத்தலாயினர். அதுவும் தீங்கற்றதன்று, உயிர்பறிக்கும் ஒவ்வாமை அரிதாக நேர்ந்தமையால், 2015இல் அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை விடுத்து, மெல்ல ஏற்றவும் ஏற்றியபின் அரைமணியேனும் நோயாளரைக் கண்காணிக்கவும் பணித்தது.