கிளார்க் பென்ட்டின் முத்துமாலை

1953 ஏப்ரல்-மே ‘மேட்’ இதழில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு படக்கதை வந்தது. பெயர் ‘சூப்பர்டூப்பர்மேன்’. எழுதியவர் ஹார்வி கர்ட்ஸ்மன், வரைந்தவர் வாலி வுட். சூப்பர்மேன் அச்சில் பிறந்து அப்போது பதினைந்து ஆண்டுகள். சூப்பர் ஹீரோவைக் கிண்டலடிக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வரும்போதெல்லாம் எனக்கு இந்த எட்டுப் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும்.

கிளார்க் பென்ட் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடிக்கு எடுபிடி. எச்சில் படிக்கம் துடைப்பவன். சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு லோயிஸ் பெய்னுக்கு ஒரு முத்துமாலை வாங்குகிறான். அவள் அவனை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. பிறகு சூப்பர்டூப்பர்மேனாகிக் கேப்டன் மார்பிள்ஸோடு மோதுகிறான். பலத்தால் வெல்ல முடியவில்லை. எதிரி தன் தலையிலேயே குத்திக்கொள்ளும்படி தந்திரம் செய்து வெல்கிறான். வென்ற பெருமையில், நான்தான் அந்தக் கிளார்க் என்று லோயிஸிடம் சொல்கிறான். அதனால் என்ன, நீ அதே அற்பன்தானே என்று அவள் போய்விடுகிறாள். கதை முடிந்தது.

இதில் பகடி எங்கே குத்துகிறது என்று பாருங்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தின் கூச்ச சுபாவமுள்ள இரண்டு பையன்கள். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான் யார் என்று தெரிந்தால் அவள் என்னை விரும்புவாள் என்பதுதான் அவர்கள் வரைந்த கனவின் மையம். கர்ட்ஸ்மன் அந்தக் கனவைச் சரியாக அடையாளம் கண்டு உடைத்தார். உடைத்ததை ஒட்டவும் இல்லை. அதனால்தான் சிரித்து முடித்த பிறகும் அந்தப் பையன் மனசில் நிற்கிறான். ஆலன் மூர் தன் ‘மார்வெல்மேன்’ கதைக்கு விதையே இந்தப் பகடிதான் என்று சொல்லியிருக்கிறார். அந்த வழியில் பார்த்தால் 1986இன் ‘வாட்ச்மென்’னும் இதற்குத் தூரத்துப் பேரப்பிள்ளைதான்.

1966இன் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வேறு ரகம். 120 அத்தியாயங்களிலும் ஆடம் வெஸ்ட் ஒரு தடவைகூடக் கண்ணடிக்கவில்லை. சிரிப்பது நாம் மட்டும்தான், அவருக்கு எல்லாமே வாழ்வா சாவா விஷயம். நம்பும் ஒருவர் உள்ளே இருந்ததால் அது ஓடியது.

1997இன் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படத்தில் அப்படி யாரும் இல்லை. மிஸ்டர் ஃப்ரீஸின் மனைவி தீராத நோயோடு கண்ணாடித் தொட்டிக்குள் உறைந்து கிடக்கிறாள். 1992இன் அனிமேஷன் தொடரில் பால் டினி எழுதிய ஓர் அத்தியாயத்திலிருந்து வந்த சோகம் அது. ஷ்வார்ஸ்னெக்கரோ வாயைத் திறந்தால் குளிர், பனி என்று சிலேடை. மனைவியை இழக்கப்போகிறவனுக்கே அதில் அக்கறை இல்லையென்றால் நமக்கு எதற்கு? அடுத்த பேட்மேன் படம் வர 2005 ஆயிற்று.

டெட்பூல் படங்களை இந்தக் கணக்கில் நேர்மையாகவே வைக்க வேண்டும். 2016இன் முதல் படம் எனக்குப் பிடிக்கும். புற்றுநோய், சிதைந்த முகம், அதைக் காதலியிடம் காட்டப் பயம். எத்தனை கெட்டவார்த்தை பேசினாலும் அந்தப் பயத்தை அவன் கடந்துதான் ஆக வேண்டியிருந்தது. 2018இல் அந்தக் காதலி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறாள். படம் முழுக்க அந்தத் துக்கம். இறுதியில், பெயர்கள் ஓடும் நேரத்தில், ஒரு காலக் கருவியை வைத்து அவளை மீட்டுவிடுகிறான். இரண்டு மணி நேரத் துக்கத்துக்கு நாம்தான் ஏமாளி.

2024 படம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2017இல் ‘லோகன்’ படத்தின் முடிவில் ஒரு சிறுமி கல்லறைச் சிலுவையைச் சாய்த்து எக்ஸ் ஆக்கிவிட்டுப் போனாளே, அதே கல்லறையைத் தோண்டி, எலும்புகளையே ஆயுதமாக்கிச் சண்டை போடுகிறான் டெட்பூல். அரங்கம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் என் மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“அவர் திரும்பி வருவார்னு எல்லாருக்கும் தெரியும்பா. செத்தப்ப அழுதது நான் மட்டுந்தான் போல.”

லோகன் பார்த்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கிண்டல் அதிகமானதால் கதை கெட்டது என்பது பொதுவான புகார். கிண்டலடிப்பவர் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன். 2019இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியது. 2024 படத்தில் டெட்பூல் இரண்டு நிறுவனங்களையும் வாய்க்கு வந்தபடி நக்கல் அடிக்கிறான், ஆனால் முதலாளியின் செலவில். அடுத்த படத்துக்கும் சரக்கு வேண்டும், எனவே எதுவும் உண்மையில் தொலைந்துபோக முடியாது. உலகமெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த பிறகு யார் தொலைக்க விடுவார்கள்? கர்ட்ஸ்மன் அடுத்தவர் வீட்டுச் சரக்கின் மேல் கைவைத்தார். சூப்பர்மேனின் உரிமையாளரான நேஷனல் காமிக்ஸ் வழக்குப் போடுவதாக மிரட்டியது. கிளார்க் பென்ட்டை அடுத்த இதழுக்குக் காப்பாற்றி வைக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அந்தக் கர்ட்ஸ்மனும் 1956இல், நிறுவனத்தில் பெரும்பங்கு கேட்டுக் கிடைக்காமல், ‘மேட்’டை விட்டு வெளியேறினார். அறுபதுகளில் ‘மேட்’டும் நேஷனலும் ஒரே குழுமத்தின் கைக்குப் போயின. லோயிஸ் பெய்ன் மதிக்காத அந்தப் பையன் இன்று சூப்பர்மேனின் முதலாளிகளுக்கே சொந்தம்.